டிராக் சைக்கிளுக்கு கிராங்க், பிபி வாங்கும் முன் பின்சக்கரத்தை அளந்து பாருங்கள்

வணக்கம் அண்ணே. நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், படிக்கும் மற்றவர்களுக்கும் புரியட்டும். கொடைக்கானல் நாயுடுபுரத்தில் இருக்கிறீர்கள். பிளஸ் ஒன் படிக்கும் மகள் டிராக் பந்தயத்துக்கு, அதாவது வளைவில் சரிந்து எழும் தளத்தில் கியரும் பிரேக்கும் இல்லாத வண்டியில் ஓட்டும் பந்தயத்துக்குத் தயாராகிறாள். பழைய ஸ்டீல் டிராக் ஃபிரேம் ஒன்றும், இரண்டு சக்கரங்களும் கைக்கு வந்துவிட்டன. கிராங்கும் (பெடலைத் தாங்கும் கை) பிபியும் (பாட்டம் பிராக்கெட், கிராங்க் சுழல ஃபிரேமின் அடியில் உட்காரும் பேரிங் தொகுதி) இல்லை. மலைக்குக் கீழே ஒரு கடையில், "எம்டிபி கிராங்க் 170 இருக்கிறது, 122.5 ஆக்ஸிலோடு மாட்டிவிடலாம்" என்கிறார்கள். எம்டிபி என்றால் மலைப்பாதை சைக்கிள், 170 என்பது கிராங்கின் நீளம், ஆக்ஸில் என்பது இரண்டு கிராங்கையும் இணைக்கும் பிபியின் தண்டு, எல்லாம் மிமீ கணக்கு. 165-ஆ 170-ஆ, ஸ்கொயர் டேப்பரா (ஆக்ஸில் முனை சரிவான சதுரமாக இருக்கும் வகை) வெளிக் கப் வைத்த புது மாடலா (பேரிங் ஃபிரேமுக்கு வெளியே இருக்கும் வகை), ஆக்ஸில் எவ்வளவு நீளம், இதே வண்டியை லேக் ரோட்டில் ஓட்டிப் பழகலாமா என்று கேட்டிருந்தீர்கள்.

அந்த எம்டிபி கிராங்கை மட்டும் மாட்டாதீர்கள். பாப்பாவுக்கு 165 மிமீ கிராங்க், 144 மிமீ பிசிடி (முன் பல்சக்கரமான செயின்வீலின் போல்ட் வட்ட விட்டம்), ஸ்கொயர் டேப்பர், உள்ளே சீல் செய்த காட்ரிட்ஜ் பிபி. இது என் பதில். ஆக்ஸில் நீளத்தை மட்டும் நான் இங்கே உட்கார்ந்து சொல்ல முடியாது. அதை உங்கள் பின்சக்கரமும் நீங்கள் வாங்கப்போகும் கிராங்கும் சேர்ந்துதான் சொல்லும்.

பெரும்பாலானோர் முன்னாலிருந்து தொடங்குகிறார்கள். பளபளப்பான கிராங்கைப் பார்க்கிறார்கள், வாங்குகிறார்கள், அதற்கு ஏதோ ஒரு பிபியைத் தேடுகிறார்கள், கடைசியில் செயின் கோணலாக ஓடுகிறது. கியர் வண்டியில் இது ஓடிவிடும், ஏனென்றால் அங்கே செயின் எப்படியும் கோணலாக ஓடப் பழகியதுதான். டிராக் வண்டியில் ஃப்ரீவீல் கிடையாது. பின்பல் சக்கரத்தோடு இறுகியது. சக்கரம் சுற்றும்வரை கிராங்கும் சுற்றும், காலும் சுற்றும். அந்த வேகத்தில் செயின் கழன்றால் பின்பல்லுக்கும் ஃபிரேமுக்கும் நடுவில் சிக்கிச் சக்கரம் பூட்டிக்கொள்ளலாம். பந்தயத்தில் பின்னால் வருகிறவர்கள் ஒரு கை தூரத்தில் இருப்பார்கள். அதனால் டிராக் வண்டியில் செயின் நேராக ஓடுவது அழகு சம்பந்தப்பட்ட விஷயமே இல்லை.

செயின் நேராக ஓட வேண்டுமானால், ஃபிரேமின் நடுக்கோட்டிலிருந்து பின்பல் எவ்வளவு தள்ளி இருக்கிறதோ, முன்னால் செயின்வீலும் அதே அளவு தள்ளி இருக்க வேண்டும். இந்த அளவைத்தான் செயின்லைன் என்கிறோம். டிராக் ஹப்களில் (ஹப் என்பது சக்கரத்தின் நடு உருளை) இது வழக்கமாக 42 மிமீ பக்கம் வரும். வழக்கமாக என்றுதான் சொல்கிறேன், உங்கள் ஹப்பை அளந்தே ஆக வேண்டும். பின் ஹப்பின் இரண்டு பக்க லாக்நட்டுகளின் (ஃபிரேமைத் தொடும் நட்டுகள்) வெளிமுகங்களுக்கு நடுவே வெர்னியர் வைத்துப் பாருங்கள். டிராக் ஹப் என்றால் 120 மிமீ இருக்கும். அதில் பாதி 60. இப்போது வலதுபக்க லாக்நட்டின் வெளிமுகத்திலிருந்து பின்பல்லின் நடு வரை அளந்து, அதை 60-லிருந்து கழியுங்கள். அளந்தது 18 என்றால் செயின்லைன் 42. இந்த எண்ணை ஒரு தாளில் எழுதிக்கொண்டு அப்புறம் கடைக்குப் போங்கள்.

முன்பக்கம் அளப்பது இன்னும் எளிது. பழைய ஸ்டீல் ஃபிரேம்களில் சீட் டியூபின் வெளிவிட்டம் பெரும்பாலும் 28.6 மிமீ, பாதி 14.3. கிராங்க் மாட்டிய பிறகு சீட் டியூபின் பக்கவாட்டிலிருந்து செயின்வீல் பல்லின் நடு வரை 27.7 மிமீ இருந்தால், 14.3 சேர்த்து 42 ஆகிவிடும். ஒரு மிமீ முன்னே பின்னே இருந்தால் கவலையில்லை. இரண்டுக்கு மேல் போனால் சரிசெய்ய வேண்டும்.

இப்போது அந்த 122.5 ஆக்ஸிலை ஏன் வேண்டாம் என்றேன் என்று பாருங்கள். அது முன்னால் மூன்று செயின்வீல் கொண்ட வண்டிக்கான நீளம். அந்த அமைப்பில் நடு வீல் 47.5-லிருந்து 50 மிமீ வரை தள்ளி நிற்கும். உங்கள் பின்பல் 42-ல் இருக்கும்போது முன்னால் 50 என்றால், எட்டு மிமீ கோணல். சத்தம் வரும், பல் ஒருபக்கமாகத் தேயும், ஒருநாள் செயின் கழன்றே தீரும். அதோடு எம்டிபி கிராங்கில் வீல்கள் சின்னவை, இரண்டு கால்களுக்கு நடுவே அகலமும் அதிகம். டிராக்கில் கால்கள் ஒடுங்கி, நேராகச் சுற்ற வேண்டும்.

ஆக்ஸில் நீளத்தில் ஒரு கணக்கு நினைவில் வையுங்கள். ஆக்ஸில் இரண்டு பக்கமும் சமமாக நீளும் என்பதால், நீளத்தில் 2 மிமீ கூட்டினால் செயின்வீல் 1 மிமீதான் வெளியே தள்ளும். ஒரே அளவு எல்லா கிராங்குக்கும் பொருந்தாது. காம்பக்னோலோ ரெக்கார்டு பிஸ்டா கிராங்குக்கு 111 மிமீ ஆக்ஸில். சுகினோவின் ஆர்டி2 கிராங்குக்கு 103 மிமீ. இரண்டுமே செயின்வீலை ஏறக்குறைய ஒரே இடத்தில்தான் நிறுத்துகின்றன, கிராங்கின் உள்வளைவு வேறு வேறு என்பதால் ஆக்ஸில் மாறுகிறது. ஆகவே எந்தக் கிராங்கை வாங்கினாலும், அதைச் செய்தவர்கள் எந்த நீளம் சொல்கிறார்களோ அதையே முதலில் நம்புங்கள்.

இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது, பலர் விழுவது இதில்தான். ஸ்கொயர் டேப்பர் என்றால் எல்லாம் ஒரே சதுரம் என்று நினைக்கக் கூடாது. ஜப்பானிய அளவு ஜேஐஎஸ், ஐரோப்பிய அளவு ஐஎஸ்ஓ. இரண்டிலும் சரிவு ஒன்றுதான், இரண்டு டிகிரி. ஆனால் ஐஎஸ்ஓ ஆக்ஸிலின் முனை சற்றுச் சின்னது. ஜேஐஎஸ் கிராங்கை ஐஎஸ்ஓ ஆக்ஸிலில் போட்டால் சுமார் நாலரை மிமீ கூடுதலாக உள்ளே போய்விடும். சில சமயம் முழுதாக இறுகும் முன்பே போல்ட் ஆக்ஸில் முனையில் முட்டி நின்றுவிடும். இறுகியதுபோல் தெரியும், ஆனால் இறுகியிருக்காது. நாலு நாள் மிதித்ததும் கிராங்க் ஆடத் தொடங்கி, அலுமினியச் சதுரம் வட்டமாகிப் போய், கிராங்கே குப்பைக்குத்தான். மாறாக, ஐஎஸ்ஓ கிராங்கை ஜேஐஎஸ் ஆக்ஸிலில் போட்டால் போதிய அளவு உள்ளே போகாமல் வெளியே நிற்கும், பிடிப்பு குறைவு, வெடிப்பு விழ வாய்ப்பு உண்டு. சாதாரண வண்டியிலேயே இது கெடுதல். டிராக்கில் கால் முன்னோக்கி மிதிப்பது மட்டுமில்லை, வேகத்தைக் குறைக்கப் பின்னோக்கியும் அழுத்தும். இரண்டு திசையிலும் மாறி மாறி விசை வரும்போது அரைகுறைப் பொருத்தம் தாங்காது.

மாட்டிய பிறகு ஒரு சோதனை: போல்டைக் கழற்றிவிட்டு உள்ளே பாருங்கள். ஆக்ஸில் முனை, போல்ட்டின் வாஷர் உட்காரும் முகத்துக்கு ஒன்றிரண்டு மிமீயாவது உள்ளே தள்ளி இருக்க வேண்டும். சமமாக நின்றால் அந்தப் பொருத்தம் தவறு. யார் என்ன சொன்னாலும் கழற்றிவிடுங்கள்.

சரி, நீளத்துக்கு வருவோம். 165 ஏன்?

ரோட் வண்டியில் 170, 172.5, 175 சகஜம். வளைவில் வண்டியைச் சாய்க்கும்போது உள்பக்கப் பெடலை மேலே நிறுத்திக்கொள்ளலாம் என்பதால் அங்கே நீளம் ஆபத்தில்லை. டிராக்கில் நிறுத்த முடியாது, கால் சுற்றிக்கொண்டே இருக்கும். டிராக் ஃபிரேம்களில் பிபியைக் கொஞ்சம் உயரத்தில் வைப்பது இதனால்தான். ரோட் ஃபிரேமில் சக்கர அச்சுக்கோட்டுக்கு 70 மிமீ அளவு கீழே இருக்கும் பிபி, டிராக்கில் 50-லிருந்து 60 மிமீதான் கீழே இருக்கும். உங்கள் ஃபிரேமில் சக்கரம் மாட்டி, தரையிலிருந்து பிபியின் நடு வரை அளந்து பாருங்கள். 280 மிமீக்குப் பக்கத்தில் வந்தால் அது உண்மையான டிராக் ஃபிரேம். 265 என்று வந்தால் யாரோ ரோட் ஃபிரேமின் பின்முனைகளை (பின்சக்கரம் மாட்டும் இடம்) மாற்றி விற்றிருக்கிறார்கள். அப்போது 165-க்கு மேல் நினைக்கவே வேண்டாம்.

இன்னொன்று, டிராக்கில் பெடல் உரசுவது வேகமாகப் போகும்போது இல்லை, மெதுவாகப் போகும்போதுதான். பந்தயம் எதிர்க் கடிகாரத் திசையில் ஓடுகிறது, இடது பக்கம் உள்ளே, வலது பக்கம் சரிவின் மேடு. வேகமாகப் போனால் வண்டி சரிவுக்குச் செங்குத்தாகச் சாய்ந்துகொள்ளும். மெதுவாகப் போனால் வண்டி நிமிர்ந்து நிற்கும், சரிவோ 40 டிகிரிக்கு மேல் எழுந்து நிற்கும். அப்போது வலது பெடல் தளத்தைத் தொடும். டெல்லி இந்திரா காந்தி ஸ்டேடியத்தின் 250 மீட்டர் மரத் தளம் போன்ற இடங்களில் ஸ்பிரிண்ட் ஆட்டத்தில் வீரர்கள் மேலே மெதுவாக ஊர்ந்து எதிராளியைக் கண்காணிப்பார்கள். அங்கே ஒவ்வொரு மிமீயும் கணக்கு. பாப்பா முதலில் போகப்போவது திருவனந்தபுரம் காரியவட்டம் லட்சுமிபாய் கல்லூரியின் திறந்தவெளித் தளம் என்கிறீர்கள். பழக நல்ல இடம்தான். ஆனாலும் கிராங்கை ஒருமுறைதான் வாங்குவீர்கள், மரத் தளத்துக்கும் சேர்த்தே வாங்குங்கள்.

170-லிருந்து 165-க்கு வந்தால் நெம்புகோல் நீளத்தில் ஏறக்குறைய மூன்று சதவீதம் குறையும். நின்ற நிலையிலிருந்து கிளம்பும்போது அந்த மூன்று சதவீதம் தொடையில் தெரியும், இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் சுற்று வேகம் ஏறிய பிறகு கணக்கு மாறிவிடும். முன்னால் 48, பின்னால் 15 பல் போட்டால் ஒரு மிதிச் சுற்றுக்கு வண்டி சுமார் 6.7 மீட்டர் நகரும். நிமிடத்துக்கு 100 சுற்று என்றால் மணிக்கு 40 கிமீ. 120 சுற்று என்றால் 48 கிமீ. அந்தச் சுற்றில் கால் சீட்டில் குதிக்காமல் வழுக்கிச் சுற்ற வேண்டும். பாப்பாவின் உயரம் 158 செமீ என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த உயரத்துக்கு 165 நிச்சயம். ஜப்பானில் 1948-ல் கொகுராவில் தொடங்கிய கெய்ரின் என்ற டிராக் பந்தயத்தில், அவளைவிட உயரமான ஆண்களே பெரும்பாலும் 165-ல்தான் ஓட்டுகிறார்கள். வளரும் வயது, நாளைக்கு 170 தேவைப்படுமே என்று யோசிக்காதீர்கள். உயரம் கூடினால் சீட்டை உயர்த்தலாம், ஹேண்டில் மாற்றலாம். கிராங்க் 165-ஆகவே இருக்கட்டும்.

பிசிடி என்பது செயின்வீல் போல்ட்டுகள் அமர்ந்திருக்கும் வட்டத்தின் விட்டம். டிராக்குக்கு ஐந்து போல்ட், 144 மிமீ என்பதுதான் பரவலான அளவு. சுகினோ 75, காம்பக்னோலோ பிஸ்டா, டூரா-ஏஸ் டிராக், மிச்சே பிரிமாட்டோ, ஸ்ராம் ஆம்னியம் எல்லாமே 144. இதனால் ஒரு பெரிய வசதி: பயிற்சி முகாமில் பக்கத்துப் பிள்ளையிடமிருந்து 49 பல், 50 பல் செயின்வீல் கடன் வாங்கி மாட்டிப் பார்க்கலாம். 130 மிமீ என்பது ரோட் வண்டி அளவு. அதிலும் டிராக் வண்டி ஓடும், கெட்டது இல்லை. ஆனால் 144-ல் 41 பல்லுக்குக் கீழே வராது, 130-ல் 38 பல் வரை இறங்கலாம். மலையில் ஏறிப் பழகுவதற்கு இந்த வித்தியாசம் பெரிது. இதைப்பற்றிக் கீழே சொல்கிறேன்.

பிபி வகைக்கு வருவோம். ஃபிரேமின் பிபி ஷெல் (பிபி உட்காரும் குழாய்) அகலத்தை முதலில் அளந்துவிடுங்கள். 68 மிமீ என்றால் பெரும்பாலும் பிஎஸ்ஏ மரை: 1.370 இன்ச், இன்ச்சுக்கு 24 மரை. வலது கப் (பிபியை ஷெல்லில் பிடிக்கும் மரை வைத்த வளையம்) இடது மரை, அதாவது எதிர்ப்பக்கம் திருப்பினால்தான் இறுகும். 70 மிமீ என்றால் இத்தாலி மரை, 36 மிமீ விட்டம், இரண்டு கப்பும் வலது மரை. இத்தாலி ஃபிரேமில் வலது கப் தானாகக் கழலும் குணம் உண்டு, ஏனென்றால் கிராங்க் சுற்றும்போது பேரிங்கின் பால்ஸ் கப்பை எதிர்த்திசையில் மெல்ல மெல்லத் தள்ளும். பிஎஸ்ஏ வடிவத்தில் வலதுக்கு இடது மரை கொடுத்தது இதைத் தடுக்கத்தான். உங்களுடையது இத்தாலி என்றால் வலது கப்பை மரைப்பசை போட்டு நன்றாக இறுக்கச் சொல்லுங்கள். கப் கையால் மூன்று நான்கு சுற்று சுலபமாக உள்ளே போக வேண்டும். போகவில்லை என்றால் ஸ்பானரை எடுக்காமல், மரையைச் சுத்தம் செய்யும் டேப் வைத்திருக்கிற கடைக்கு எடுத்துப் போங்கள். ஒருமுறை கோணலாக ஏறிய கப், ஷெல்லையே தின்றுவிடும்.

கெய்ரின்காரர்கள் இன்றும் பால்ஸ் போட்ட கப்-கோன் பிபியை விரும்புகிறார்கள். சரியாக இறுக்கினால் அது சுழலும் மென்மை தனி. நானும் அதை ரசிப்பவன். ஆனால் கொடைக்கானலுக்கு அது பொருந்தாது. வடகிழக்குப் பருவமழை வந்தால் அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை இங்கே ஈரம் காயாது, மழை இல்லாத நாளிலும் மூடுபனி இறங்கிச் சீட் டியூபுக்குள் வியர்த்துக்கொட்டும். அந்தத் தண்ணீர் போய்ச் சேரும் பள்ளம் பிபி ஷெல்தான். ஏரியைச் சுற்றி வாடகை சைக்கிள் விடும் கடைகளில் கேட்டுப் பாருங்கள், மழைக்காலம் முடிந்ததும் அவர்களுக்கு முதல் வேலை பிபி ஓவராயில்தான். கழற்றினால் கிரீஸ் இருந்த இடத்தில் பழுப்புச் சேறு இருக்கும், பால்ஸ் குழி விழுந்திருக்கும். காட்ரிட்ஜ் பிபியில் பேரிங் ஒரு குழாய்க்குள் அடைபட்டிருக்கும், தண்ணீர் எளிதில் போகாது. பல சீசன் ஓடும், கெட்டால் கழற்றி எறிந்துவிட்டு வேறு போடலாம். ஷிமானோவின் ஜேஐஎஸ் காட்ரிட்ஜ்கள் மதுரை, கோவை கடைகளிலேயே கிடைக்கும். அதில் பொருந்தும் கிராங்காகத் தேடினால் வாழ்க்கை சுலபம்.

ஃபிரேம் ஸ்டீல் என்பதால், பிபி ஷெல்லின் அடியில் ஒரு சின்னத் துளை இருக்கிறதா என்று தலைகீழாகத் திருப்பிப் பாருங்கள். இருந்தால் அழுக்கைக் குத்தி எடுத்துவிடுங்கள். இல்லையென்றால் 4 மிமீ துளை ஒன்று போடச் சொல்லலாம், பலம் குறையாது. கப் மாட்டும் முன் (மரைப்பசை போட்ட இத்தாலி வலது கப் தவிர) மரை முழுக்க கிரீஸ் பூச வேண்டும். அலுமினியக் கப்பும் ஸ்டீல் ஷெல்லும் ஈரத்தில் ஒன்றோடொன்று பிடித்துக்கொண்டால் பிறகு கழற்றுவது பெரும்பாடு.

வெளிக் கப் வைத்த ஹாலோடெக், ஜிஎக்ஸ்பி வகைகள் மோசமில்லை. ஆம்னியம் அந்த வகைதான், நல்ல விறைப்பு, கிராங்கைக் கழற்ற மாட்டத் தனிப் புல்லர் தேவையில்லை. பலமான ஸ்பிரிண்டர்களுக்கு அது நியாயமான தேர்வு. பாப்பாவின் இப்போதைய எடைக்கும் விசைக்கும் அந்த வித்தியாசம் தெரியாது, அதன் சீல்கள் மழையில் சீக்கிரம் சோர்ந்துவிடும். ஆக்டாலிங்க்கில் (சதுரத்துக்குப் பதில் பல் வைத்த ஆக்ஸில் முனை) வரும் டூரா-ஏஸ் டிராக் கிராங்க் அருமையானது, பழையதாகக் கிடைத்தால் ஆசை வரும். அதற்கான பிபி தனி. ஆக்டாலிங்க்கிலேயே இரண்டு வகை உண்டு, ஒன்றுக்கொன்று பொருந்தாது. கிராங்கும் பிபியும் சேர்ந்து நல்ல நிலையில் கிடைத்தால் மட்டும் வாங்குங்கள்.

பழைய கிராங்க் வாங்குவதில் தயக்கம் வேண்டாம், பார்த்து வாங்கினால் போதும். பெடல் மாட்டும் துளையைச் சுற்றியும், செயின்வீல் கைகள் கிராங்கோடு சேரும் மூலைகளிலும் துணியால் துடைத்து, வெயிலில் சாய்த்துப் பாருங்கள். தலைமுடி போன்ற கோடு தெரிந்தால் அது கீறலா வெடிப்பா என்று நகத்தால் தடவிப் பார்க்க வேண்டும். சந்தேகம் என்றாலே வேண்டாம், விலை எவ்வளவு குறைவானாலும் சரி. கிராங்க் உடைந்தால் அவள் விழுவது சிமெண்டில். சதுரத் துளையின் மூலைகள் கூராக இருக்க வேண்டும். புல்லர் ஏறும் 22 மிமீ மரை சிதையாமல் இருக்க வேண்டும், அது போய்விட்டால் கிராங்கைக் கழற்ற வழியில்லை. பெடல் மரை 9/16 இன்ச், இடதுபக்கம் இடது மரை. கையால் பெடலை ஏற்றிப் பாருங்கள்.

செயின் அகலத்தையும் மறக்க வேண்டாம். டிராக்கில் 1/8 இன்ச் செயின்தான் வழக்கம். 1/8 செயின் மெல்லிய 3/32 பல்லிலும் ஓடிவிடும். மெல்லிய செயின் தடித்த பல்லில் ஏறாது. ஆக 1/8 செயின் வாங்கினால் சிக்கல் இல்லை.

மாட்டும் நாளில் ஒரு வேலையைக் கட்டாயம் செய்யுங்கள், இதைக் கடைகளில் யாரும் செய்வதில்லை. கிராங்கை மெதுவாகச் சுற்றினால் செயின் ஓரிடத்தில் தளரும், ஓரிடத்தில் இறுகும். செயின்வீல் போல்ட் துளைகளில் சிறு இடைவெளி இருப்பதால் வீல் துல்லியமாக நடுவில் உட்காராது, அதுதான் காரணம். கியர் வண்டியில் டீரெய்லர் (கியர் மாற்றும், செயினை இழுத்துப் பிடிக்கும் பாகம்) இதைச் சமாளிக்கும், டிராக்கில் சமாளிக்க எதுவும் இல்லை. செயின்வீல் போல்ட்டுகளை விரல் இறுக்கத்தைவிடச் சற்றே கூடுதலாக மட்டும் முறுக்கிவிட்டு, செயின் மிக இறுகும் இடத்தில் கிராங்கை நிறுத்தி, செயினை ஒரு மரக்கட்டையால் லேசாகத் தட்டுங்கள். வீல் மயிரிழை நகரும். மறுபடி சுற்றி, அடுத்து இறுகும் இடத்தில் தட்டுங்கள். எல்லா இடமும் ஒரே மாதிரி வந்ததும் போல்ட்டுகளை ஒன்றுவிட்டு ஒன்றாக இறுக்குங்கள். பொறுமையாகச் செய்தால் அரை மணி நேரம். அந்த வண்டியில் சத்தமே வராது. பாப்பாவையே இதைச் செய்யச் சொல்லிக்கொடுங்கள். முகாமில் செயின்வீல் மாற்றும் ஒவ்வொரு முறையும் அவளுக்கு இது வேண்டும்.

கிராங்க் போல்ட்டை டார்க் ரெஞ்ச் வைத்து 35-லிருந்து 40 நியூட்டன் மீட்டர் வரை இறுக்கச் சொல்லுங்கள். சதுரத்தில் கிரீஸ் பூசலாமா கூடாதா என்று மெக்கானிக்குகளுக்குள் ஓயாத சண்டை. நான் துடைத்துச் சுத்தமாக்கி, விரல் ஒற்றிய அளவு பூசுகிறேன், நம் ஊர் ஈரத்தில் அது துருவைத் தடுக்கும். முதல் இரண்டு மூன்று ஓட்டத்துக்குப் பிறகு ஒருமுறை அதே அளவுக்கு இறுக்கிப் பாருங்கள். அதற்குமேல் வாராவாரம் இறுக்காதீர்கள், ஒவ்வொரு முறையும் கிராங்க் இன்னும் உள்ளே ஏறிச் சதுரம் விரிந்துவிடும்.

லேக் ரோடு பற்றி. ஏரியைச் சுற்றி சுமார் ஐந்து கிமீ, ஏறக்குறைய சமதளம். பழனி மலையில் ஃபிக்ஸ்டு (ஃப்ரீவீல் இல்லாத) வண்டி ஓட்ட இதைவிட நல்ல இடம் கிடையாது. ஆனால் காலை ஏழு மணிக்குள் முடித்துவிட வேண்டும். அதற்கப்புறம் சுற்றுலாக்காரர்கள், குதிரைகள், வாடகை சைக்கிளில் இரண்டு பேராகப் போகும் பிள்ளைகள். முன் பிரேக் இல்லாமல் ஒரு நாளும் வேண்டாம். டிராக் பந்தயத்தில் பிரேக் கூடாது, ரோட்டில் இல்லாமல் கூடாது. உங்கள் ஃபிரேமின் முன் கவட்டையில் பிரேக் போல்ட்டுக்குத் துளை இல்லையென்றால், துளையுள்ள ஸ்டீல் கவட்டை ஒன்றைப் பயிற்சிக்கென்று தனியாக வாங்கி வையுங்கள். டிராக் கவட்டையில் கண்டபடி துளை போட வேண்டாம்.

வத்தலக்குண்டு ரோட்டிலோ பெருமாள்மலையிலிருந்து பழனி இறங்கும் ரோட்டிலோ இந்த வண்டியில் இறங்குவது என்ற பேச்சே கூடாது. இறக்கத்தில் வேகம் கூடக் கூடக் கால் சுற்று கூடும், ஒரு கட்டத்தில் காலால் அதைப் பிடிக்க முடியாது, கிராங்க் காலைத் தூக்கி எறியும். கொண்டை ஊசி வளைவில் உள்பக்கப் பெடல் ரோட்டில் உரசும். 165 கிராங்கும் அங்கே காப்பாற்றாது. மலை ஏற்றப் பயிற்சிக்கு அவளுடைய கியர் வண்டி போதும். ஃபிக்ஸ்டிலேயே ஏற்றம் பழக வேண்டும் என்று பயிற்சியாளர் சொன்னால், மேலே போக 130 பிசிடி கிராங்கில் 38 பல், பின்னால் 18 பல், இறங்க ஜீப். 144 கிராங்கில் 41-க்கு 18-தான் எல்லை, அதுவும் சற்றுக் கனம்தான். இதற்காக இரண்டாவது கிராங்க் செட் வாங்கச் சொல்ல மாட்டேன். மழைநாளில் வீட்டுக்குள் ரோலர் (நின்ற இடத்திலேயே சைக்கிள் ஓட்ட உதவும் உருளைகள்) போட்டு ஓட்டுவது அதைவிட நல்ல முதலீடு, சுற்று மென்மை அதில்தான் வரும்.

கியர் தேர்வில் இன்னொரு எச்சரிக்கை. நாம் இருப்பது 2100 மீட்டர் உயரத்தில். இங்கே காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. 1972-ல் எடி மெர்க்ஸ் ஒரு மணி நேரத்தில் 49.431 கிமீ ஓட்டிச் சாதனை படைக்க மெக்சிகோ சிட்டியைத் தேடிப் போனது இந்தக் காற்றுக்காகத்தான், அந்த ஊரும் கிட்டத்தட்ட நம் உயரம். லேக் ரோட்டில் 50-க்கு 15 இலகுவாகச் சுற்றுகிறது என்று நம்பி அதை மட்டும் எடுத்துக்கொண்டு திருவனந்தபுரம் போனால், அங்கே காற்று சுவராக நிற்கும். மூச்சு அங்கே சுலபமாக வரும் என்பது உண்மை, ஆனால் முதல் நாள் கால் அதை உணராது. 48 பல் செயின்வீலும், பின்னால் 15, 16 இரண்டும் கையில் இருக்கட்டும். இஞ்ச் கணக்கில் (பல் விகிதத்தைச் சக்கர விட்டத்தால் பெருக்குவது) 86-ம் 81-ம் வரும், தொடங்கும் பிள்ளைக்கு இது போதும். முகாமில் பயிற்சியாளர் பார்த்துவிட்டுப் பெரிதாக்கச் சொல்லட்டும்.

வாங்கும் வரிசை இப்படி இருக்கட்டும்: முதலில் ஷெல் அகலமும் பின் செயின்லைனும் அளப்பது, அடுத்து கிராங்க், அந்தக் கிராங்க்காரர்கள் சொல்லும் அளவில் பிபி, கடைசியாகச் செயின். காட்ரிட்ஜ் மாட்ட இருபது பல் பிபி டூலும், கிராங்க் புல்லரும், 8 மிமீ ஆலன் கீயும் வீட்டிலேயே இருப்பது நல்லது. கீழே கடையில் இருக்கும் சுத்தியலையும் உளியையும் கப் பக்கம் கொண்டுவர விடாதீர்கள். அளந்த எண்களை எழுதி அனுப்புங்கள், கையிருப்பில் கிடைக்கும் கிராங்கின் பெயரையும் சேர்த்து. ஆக்ஸில் நீளத்தை அப்போது சரியாகச் சொல்லிவிடுகிறேன்.